ஜி. பார்த்தசாரதியின் தூது: படுவான்கரையிலிருந்து ஒரு மதிப்பீடு

இலங்கைத் தமிழர் இந்தியத் தூதர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முதலில் வரும் பெயர் ஜே. என். டிக்சிற். 1985 முதல் 1989 வரை கொழும்பில் உயர்ஸ்தானிகராக இருந்தவர், 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை முன்னின்று நடத்தியவர், பின்னர் இந்திய வெளியுறவுச் செயலாளரானவர். தம் கொழும்பு நாட்களைப் புத்தகமாகவும் எழுதி வைத்ததால் அவரைப் பற்றி எழுதுவதற்குக் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. அவருக்கு முன்னரே வந்து, பத்திரிகைகளை விட்டு விலகி நின்று, தமிழர் அரசியலில் இன்றும் எடுத்துப் பார்க்க வேண்டிய ஒரு யோசனையை எழுத்தில் வைத்துவிட்டுப் போன இன்னொருவர் உண்டு. கோபாலசுவாமி பார்த்தசாரதி. டில்லி வட்டாரங்களில் 'ஜி.பி.' என்றால் போதும்.

பெயர்க் குழப்பம் ஒன்றை முதலிலேயே தீர்த்துக்கொள்வோம். 1998 முதல் 2000 வரை பாகிஸ்தானில் இந்திய உயர்ஸ்தானிகராக இருந்து, பின்னர் தொலைக்காட்சி விவாதங்களில் அடிக்கடி தோன்றிய ஜி. பார்த்தசாரதி வேறொருவர். இங்கே பேசப்படுபவர் 1912-இல் பிறந்து 1995-இல் மறைந்தவர். தமிழருக்கு எதிரான 1983 ஆடிக் (யூலை) கலவரத்துக்குப் பின் இந்திரா காந்தியின் சிறப்புத் தூதராகக் கொழும்புக்கு வந்தவர்.

இவரைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் டில்லியிலிருந்து பார்த்தார்கள். சிலர் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பார்த்தார்கள். கிழக்கிலிருந்து, அதிலும் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலிருந்து பார்க்கும் மதிப்பீடு தேவைப்படுகிறது. அவர் முன்வைத்த யோசனையில் கனமான பகுதிகள் நிலம், குடியேற்றம், மாவட்டங்களின் இணைப்பு ஆகியவை. இவை மூன்றும் வடக்கைவிடக் கிழக்கின் வாழ்வோடு நேரடியாகப் பிணைந்தவை.

மண்டூர் எங்கே நிற்கிறது

மட்டக்களப்பு வாவி நிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. கடலோரமாகச் சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே சூரியன் படும் பக்கம் படுவான்கரை. கடைத்தெரு, பெரிய வைத்தியசாலை, கந்தோர்கள், பெருந்தெரு எல்லாம் பெரும்பாலும் எழுவான்கரையில். வயல், மாடு, குளம், காடு படுவான்கரையில். இக்கட்டுரை நின்று பார்க்கும் ஊரான மண்டூர் படுவான்கரையின் தெற்குப் பகுதியில், வெள்ளாவெளியைத் தலைமையிடமாகக் கொண்ட போரதீவுப்பற்றில் இருக்கிறது. எதிர்க்கரைக் குருமண்வெளித் துறைக்கும் மண்டூர்த் துறைக்கும் இடையில் ஆளையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிச் செல்லும் மிதவையை இங்குள்ளோர் 'பாதை' என்பார்கள். மண்டூர்க் கந்தசுவாமி கோயில் 'சின்னக் கதிர்காமம்' என்று பெயர் பெற்றது. கதிர்காமத்து முறையிலேயே வாய் கட்டிப் பூசை நடக்கும். ஆவணித் தீர்த்தத்துக்கு இரு கரைச் சனமும் திரளும்.

இந்த ஊரின் அரசியலை வாவியும் வயலும் தீர்மானித்தன. போரதீவுப்பற்றின் வயல் வட்டைகள் நவகிரிக் குளத்து நீரை நம்பியவை. அவற்றுக்குத் தெற்கிலும் மேற்கிலும் 1949-இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நிலங்கள் விரிகின்றன. அந்தத் திட்டம் பெருமளவில் சிங்களக் குடியேற்றங்களைக் கொண்டுவந்தது. 1956 யூனில், சிங்களம் மட்டும் சட்டம் வந்த நாட்களில், தமிழருக்கு எதிரான பெரிய வன்முறை நிகழ்ந்த இடங்களில் கல்லோயாவும் ஒன்று. 1961-இல் மட்டக்களப்பு மாவட்டம் பிரிக்கப்பட்டு அம்பாறை தனி மாவட்டமானது. கிழக்கு மாகாணத்தில் 1921-இல் ஏறத்தாழ 4.5 வீதமாக இருந்த சிங்கள மக்கள் தொகை 1981-இல் ஏறத்தாழ 25 வீதமாக உயர்ந்தது. அதே 1981 கணக்கெடுப்பில் தமிழர் 42 வீதம், முஸ்லிம்கள் 32 வீதம் அளவில் இருந்தனர்.

எனவே படுவான்கரை உழவனுக்கு அதிகாரப் பகிர்வு என்பது மூன்று நடைமுறைக் கேள்விகளாகவே வந்தது. காணி யாருக்குக் கொடுக்கப்படும், அதை யார் தீர்மானிப்பது? குளத்துத் தண்ணீர் யார் கையில்? இரவில் கதவைத் தட்டும் பொலிஸ் எந்த மொழியில் பேசும்? ஒரு தூதரின் யோசனை இந்தக் கேள்விகளுக்கு என்ன விடை தந்தது என்பதே இக்கட்டுரை கைக்கொள்ளும் அளவுகோல்.

தகப்பன் வழி, பத்திரிகை வழி

பார்த்தசாரதியின் தந்தை என். கோபாலசுவாமி அய்யங்கார் 1937 முதல் 1943 வரை காஷ்மீர் சமஸ்தானத்தின் பிரதம மந்திரியாக இருந்தார். சுதந்திரத்துக்குப் பின் நேருவின் அமைச்சரவையில் பல துறைகளை வகித்தார். 1948-இல் காஷ்மீர் வழக்கோடு ஐ.நா.வுக்குச் சென்றார், இந்திய அரசியலமைப்பின் 370ஆம் உறுப்பை வரைந்து அரசியலமைப்பு அவையில் முன்வைத்தவரும் அவரே. ஒரு நாட்டுக்குள் ஒரு பகுதிக்குத் தனி ஏற்பாடு எப்படிச் செய்வது என்ற கேள்வி மகனுக்கு வீட்டிலேயே இருந்தது.

மகன் சென்னையிலும் ஒக்ஸ்போர்டிலும் படித்தார். சென்னைக்காகக் கிரிக்கெட் ஆடினார். 1936 முதல் சென்னை 'இந்து' பத்திரிகையில் உதவி ஆசிரியராக ஏறத்தாழ 13 ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர் பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியாவின் லண்டன் பிரதிநிதியானார். இந்திய வெளியுறவுச் சேவைப் பரீட்சை எழுதி வந்தவர் அல்லர். நேரு நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் தலைமுறைத் தூதர்களில் ஒருவர். செய்தியாளனாகப் பழகிய இரண்டு குணங்கள் கடைசிவரை அவரோடு இருந்தன. எதிரே இருப்பவர் சொல்வதை முழுதும் கேட்பது ஒன்று. கேட்டதைச் சுருக்கமான பந்திகளில் எழுதித் தருவது மற்றது. இலங்கை விவகாரத்தில் அவர் விட்டுச்சென்றதும் அப்படி எழுதப்பட்ட 14 பந்திகள்தான்.

இந்தோசீனா முதல் ஐ.நா. வரை

1954 ஜெனீவா உடன்பாட்டின் பின் வியட்நாம், லாவோஸ், கம்போடியா ஆகிய மூன்று நாடுகளிலும் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க இந்தியா தலைமையில் சர்வதேச ஆணைக்குழுக்கள் அமைந்தன. போலந்தும் கனடாவும் மற்ற உறுப்பினர்கள். பார்த்தசாரதி முதலில் கம்போடியாவிலும் பின்னர் வியட்நாமிலும் தலைவராக இருந்தார். ஒரு நாட்டை இரண்டாகப் பிரித்துக் கோடு போட்டுவிட்டு, தேர்தல் வைத்து இணைப்போம் என்று எழுதிவிட்டு, அந்தத் தேர்தலை ஒருபோதும் நடத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அவர் அங்கே கிட்ட நின்று பார்த்தார். 1956-இல் நடந்திருக்க வேண்டிய வியட்நாம் தேர்தல் நடக்கவில்லை. அடுத்த 20 ஆண்டுகள் என்ன நடந்தது என்பது உலகறிந்தது. வாக்குறுதி தரப்பட்ட பொது வாக்கெடுப்பு நடக்காமற் போவதைக் கிழக்கு மாகாணமும் பின்னாளில் கண்டது.

இந்தோனேசியாவில் சிறிது காலம் தூதராக இருந்தபின் 1958-இல் அவர் பெய்ஜிங் சென்றார். இந்திய-சீன உறவு உடைந்த ஆண்டுகள் அவை. 1959-இல் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தார். அதே ஆண்டு எல்லையில் துப்பாக்கிச் சூடுகள் நடந்தன. 1960 ஏப்ரலில் சூ என்லாய் டில்லி வந்து பேசியும் தீர்வு கிட்டவில்லை. 1961-இல் பார்த்தசாரதி பெய்ஜிங்கை விட்டுப் புறப்பட்டபின், 1976-இல் கே. ஆர். நாராயணன் செல்லும்வரை 15 ஆண்டுகள் இந்தியா அங்கே தூதரையே நியமிக்கவில்லை. மீண்டும் வியட்நாம் ஆணைக்குழுத் தலைமை. 1962 முதல் 1965 வரை பாகிஸ்தானில் உயர்ஸ்தானிகர். 1962 டிசம்பருக்கும் 1963 மே மாதத்துக்கும் இடையில் இந்தியாவின் சுவரண் சிங்கும் பாகிஸ்தானின் பூட்டோவும் ஆறு சுற்றுப் பேசியும் முடிவு காணாத காலம் அது.

1965-இல், இந்திய-பாகிஸ்தான் போர் மூண்ட வேளையில், ஐ.நா.வில் இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதியானார். 1967-68-இல் இந்தியா பாதுகாப்புச் சபையில் அங்கம் வகித்தது. மேற்காசியப் போரும் அணு ஆயுதப் பரவல் தடை உடன்படிக்கை விவாதமும் அவர் காலத்தில் நடந்தன. இந்த ஆண்டுகளில் அவர் பெரிய வெற்றிகளைப் பெற்றார் என்று சொல்ல முடியாது. பேச்சுகள் முறிவதையே அதிகம் கண்டார். பேச்சு முறிந்த பிறகும் தாளை மேசையில் வைத்திருக்க வேண்டும் என்ற பொறுமையை அந்த அனுபவம் அவருக்குத் தந்தது.

1969-இல் புதிதாகத் தொடங்கிய ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். 1974 வரை அங்கிருந்து அதன் ஆசிரியர் குழாத்தையும் கல்விப் போக்கையும் உருவாக்கினார். இந்தியாவின் பிற்கால வெளியுறவு ஆய்வாளர்கள் பலரும் வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கரும் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். அதே ஜெய்சங்கர் 1988 முதல் 1990 வரை கொழும்பில் முதற் செயலாளராகவும் இந்திய அமைதிப்படையின் அரசியல் ஆலோசகராகவும் இருந்தார்.

காஷ்மீர்: இலங்கைக்கு முன்னோடி

பார்த்தசாரதியின் வாழ்க்கையில் இலங்கைத் தூதைப் புரிந்துகொள்ள மிகவும் உதவும் பகுதி காஷ்மீர். 1953 முதல் பெரும்பாலும் சிறையிலும் காவலிலும் இருந்த ஷேக் அப்துல்லாவை மீண்டும் இந்திய அரசியலமைப்பின் கீழ் ஆட்சிக்குக் கொண்டுவர இந்திரா காந்தி முடிவு செய்தபோது, அந்தப் பேச்சை நடத்தும் பொறுப்பு இவரிடம் வந்தது. எதிரே ஷேக்கின் பிரதிநிதி மிர்சா அப்சல் பேக். நீண்ட பேச்சுக்குப் பின் 1974 நவம்பர் 13-இல் இருவரும் ஓர் உடன்பாட்டு வாசகத்துக்கு வந்தார்கள். 1975 பெப்ரவரியில் ஷேக் அப்துல்லா முதலமைச்சரானார்.

அந்த வாசகத்தில் இரண்டு பாடங்கள் உண்டு. தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிடும் தலைவருக்கு அவர் மக்களிடம் காட்டக்கூடிய உண்மையான அதிகாரம் ஏதாவது கையில் இருக்க வேண்டும் என்பது ஒன்று. அந்த அதிகாரம் நாட்டின் ஒருமைப்பாட்டுக்குள் அடங்கியது என்று பெரும்பான்மைக்கும் எழுத்தில் உறுதி தர வேண்டும் என்பது இரண்டாவது. ஒன்பது ஆண்டுகள் கழித்து இலங்கைக்காக எழுதிய தாளில் இந்த இரண்டும் அப்படியே தெரிகின்றன. மிசோ தலைவர் லால்தெங்காவுடன் நடந்த பேச்சுகளிலும் அவருக்குப் பங்கு இருந்தது. 1986-இல் வந்த மிசோ உடன்பாடு இன்றுவரை நிலைத்திருக்கிறது.

ஆடிக் கலவரமும் கொழும்புப் பயணமும்

1983 யூலைக் கலவரத்தின்போது முதலில் கொழும்பு வந்தவர் இந்திய வெளியுறவு அமைச்சர் நரசிம்மராவ். ஆகஸ்டின் பிற்பகுதியில் பார்த்தசாரதி வந்தார்; நவம்பரிலும் அடுத்த ஆண்டு தொடக்கத்திலும் மீண்டும் வந்தார். அவர் முதன்முறை வரும்போதே தமிழரின் நாடாளுமன்ற வழி அடைபட்டிருந்தது. ஆகஸ்ட் 8-இல் நிறைவேறிய ஆறாவது திருத்தம் பிரிவினையை எதிர்த்துச் சத்தியம் செய்யுமாறு கேட்டது. தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் மறுத்து ஆசனங்களை இழந்தனர்.

கிழக்கின் நிலை இன்னும் மெலிந்தது. 1977 தேர்தலில் கூட்டணி கிழக்கில் வென்றது நான்கே ஆசனங்கள்: திருகோணமலை, மட்டக்களப்பு, பட்டிருப்பு, பொத்துவில். மட்டக்களப்பின் செ. இராசதுரையும் பொத்துவிலின் கனகரத்தினமும் ஏற்கனவே ஆளும் கட்சிக்குப் போய்விட்டார்கள். எஞ்சிய இருவர் திருகோணமலை இரா. சம்பந்தனும் பட்டிருப்பு பூ. கணேசலிங்கமும். பட்டிருப்புத் தொகுதி என்பது மண்டூரும் அடங்கிய தொகுதி. ஒருகாலத்தில் தமிழரசுக் கட்சித் தலைவர் சி. மூ. இராசமாணிக்கம் பிரதிநிதித்துவம் செய்த தொகுதி. பார்த்தசாரதி கொழும்பில் பேசிக்கொண்டிருந்த நாட்களில் படுவான்கரைக்கென நாடாளுமன்றத்தில் பேச எவரும் இல்லை. செப்டம்பர் 23-இல் மட்டக்களப்புச் சிறை உடைப்பு நடந்தது. யூலைக் கலவர நாட்களில் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் நடந்த படுகொலையில் தப்பியவர்கள் உட்படப் பலர் வெளியேறினார்கள். இளைஞர்கள் ஆயுத இயக்கங்களுக்குப் போகத் தொடங்கினார்கள். தூதருக்குக் கிடைத்த கால இடைவெளி மிகக் குறுகியது.

அவர் கூட்டணித் தலைவர் அ. அமிர்தலிங்கத்தோடும், மலையகத் தலைவர் தொண்டமானோடும், சட்ட அறிஞர் நீலன் திருச்செல்வத்தோடும் தொடர்ந்து பேசினார். தனிநாட்டுக்குப் பதிலாக எதை ஏற்பீர்கள் என்று தமிழ்த் தலைவர்களையும், எவ்வளவு தூரம் வருவீர்கள் என்று ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தனாவையும் கேட்டார். 1983 நவம்பரில் பொதுநலவாய மாநாட்டுக்காக ஜெயவர்த்தனா டில்லி சென்றபோது நடந்த பேச்சின் விளைவே 'இணைப்பு சி' (Annexure C) என்று பெயர் பெற்ற யோசனை. 1984 சனவரி 10-இல் கொழும்பில் கூடிய சர்வகட்சி மாநாட்டுக்கு அது சென்றது.

14 பந்திகள்

இந்தத் தாளைக் கிட்ட வைத்துப் படிக்க வேண்டும். முதல் பந்தி, ஒரு மாகாணத்திலுள்ள மாவட்டச் சபைகள் விரும்பினால் வாக்கெடுப்புடன் இணைந்து பிராந்திய சபையாகலாம் என்கிறது. இரண்டாவது, வடக்கிலும் கிழக்கிலும் மாவட்டச் சபைகள் உறுப்பினர்களின் பதவி விலகலால் இயங்காதிருப்பதால், அந்தந்த மாகாணத்துக்குள் அவற்றின் இணைப்பை ஏற்றுக்கொள்வதாகச் சொல்கிறது. மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை மூன்றும் ஒரே பிராந்தியமாகும். 1961-இல் பிரிந்த மட்டக்களப்பும் அம்பாறையும் ஒரு சபையின் கீழ் மீண்டும் வரும். வடக்கும் கிழக்கும் ஒன்றாவது இதில் இல்லை. கூட்டணி கேட்டது வடகிழக்கு இணைப்பு. கிடைத்தது மாகாண எல்லைக்குள்ளான இணைப்பு.

பிராந்தியத்துக்கு முதலமைச்சரும் அமைச்சர் குழுவும் உண்டு. உள்நாட்டுச் சட்டம் ஒழுங்கு, நீதி நிர்வாகம், சமூகப் பொருளாதார அபிவிருத்தி, பண்பாடு, காணிக் கொள்கை ஆகியவை பிராந்தியத்துக்கு மாற்றப்பட வேண்டியவை. வரி விதிக்கலாம், கடன் திரட்டலாம். ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் ஒரு மேல் நீதிமன்றம், தனி அரச சேவை, தனிச் சேவை ஆணைக்குழு. ஆயுதப் படைகள் நாட்டின் இன விகிதத்தையும், வடக்கு கிழக்குப் பொலிஸ் அந்தந்தப் பிராந்தியத்தின் இன விகிதத்தையும் காட்ட வேண்டும். திருகோணமலைத் துறைமுகம் மத்திய அரசின் கீழ் இருக்கும். நாட்டின் இறைமைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் ஜனாதிபதியும் நாடாளுமன்றமும் பொறுப்பு.

படுவான்கரைக்கு உயிரானது 12ஆம் பந்தி. காணிக் குடியேற்றத்துக்குத் தேசியக் கொள்கை ஒன்று வேண்டும். குடியேற்றத் திட்டங்கள் ஒரு பகுதியின் மக்கள்தொகைச் சமநிலையை மாற்றாதவாறு இன விகித அடிப்படையில் அமைய வேண்டும் என்கிறது அது. 1957 பண்டா-செல்வா ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டால் இதன் முன்னேற்றம் விளங்கும். அந்த ஒப்பந்தம் காணி பெறுவோரைத் தெரிவுசெய்யும் உரிமையைப் பிராந்திய சபைக்குத் தந்தது. ஆனால் கல்லோயாச் சபையின் நிர்வாகத்திலிருந்த பகுதி பற்றி மட்டும் மேலும் ஆராய வேண்டும் என்று விட்டுவிட்டது. மட்டக்களப்பின் மிகப் பெரிய காணிப் பிரச்சினைக்கே விடை இல்லாத ஒப்பந்தம் அது. 1965 டட்லி-செல்வா ஒப்பந்தம் முன்னுரிமை வரிசை ஒன்றை மட்டும் தந்தது. பார்த்தசாரதியின் தாள்தான் குடியேற்றத்தின் விளைவையே, அதாவது மக்கள்தொகை மாற்றத்தையே, நேராகக் குறிப்பிட்டு வரம்பு கட்டியது. தமிழ்த் தலைவர்கள் சொன்னதை அவர் முழுதும் கேட்டார் என்பதற்கு இந்தப் பந்தியே சான்று.

மேசையிலிருந்து அகன்ற தாள்

இந்தத் தாள் கையொப்பமிட்ட ஒப்பந்தமாக ஒருபோதும் ஆகவில்லை. மாநாட்டுக்கு வைத்த யோசனைகளின் பின்னிணைப்பாகவே இருந்தது. அதுவே அதன் பெரிய பலவீனம். பௌத்த பிக்குகள் கடுமையாக எதிர்த்தார்கள். ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி மாநாட்டை விட்டு விலகியது. ஜெயவர்த்தனா இதைத் தம் யோசனையாக ஏற்று வாதாட முன்வரவில்லை. டில்லியில் ஒப்புக்கொண்டதாக இந்தியத் தரப்பு நம்பியது கொழும்பில் ஒவ்வொன்றாகக் கழன்றது. 1984 டிசம்பரில் மாநாடு முடிந்தபோது மிஞ்சியிருந்த வரைவைக் கூட்டணி நிராகரித்தது.

அதற்குள் அக்டோபர் 31-இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். தமிழரான பார்த்தசாரதி நடுநிலையாளர் அல்லர் என்ற கருத்து கொழும்பில் ஊன்றியிருந்தது. ராஜீவ் காந்தி காலத்தில் இலங்கை விவகாரம் வெளியுறவுச் செயலாளர் ரொமேஷ் பண்டாரியின் கைக்குப் போனது. 1985 திம்புப் பேச்சு, 1986 டிசம்பர் 19 யோசனைகள், 1987 யூலை 29 ஒப்பந்தம் என்று அடுத்தடுத்து வந்தவை வேறு கைகளில் உருவானவை.

ஒப்பந்தம் பார்த்தசாரதி தராத ஒன்றைத் தந்தது: வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைந்தன. அதோடு கிழக்கில் ஒரு பொது வாக்கெடுப்பையும் விதித்தது. அது ஒருபோதும் நடக்கவில்லை. 1988 நவம்பரில் தெரிவான வடகிழக்கு மாகாண சபை 1990-இல் கலைந்தது. 2006 அக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பு செல்லாது என்றது. 2007 சனவரி 1 முதல் கிழக்கு தனி மாகாணம். 1984-இல் மேசைக்கு வந்த எல்லைக்கே 23 ஆண்டுகளும் பல்லாயிரம் உயிர்களும் போனபின் நாம் வந்து சேர்ந்தோம். ஆனால் அந்தத் தாள் சொன்ன அதிகாரங்கள் இல்லாமல்.

இடையில் நடந்தவற்றைக் கிழக்கு மறக்க முடியாது. 1987 சனவரியில் கொக்கட்டிச்சோலை மகிழடித்தீவு இறால் பண்ணையில் மக்கள் கொல்லப்பட்டார்கள். இந்திய அமைதிப்படை இங்கு இருந்த காலத்தில், 1988 மார்ச் 19-இல் மட்டக்களப்பு மாமாங்கப் பிள்ளையார் கோயிலடியில் உண்ணாவிரதம் தொடங்கிய அன்னை பூபதி ஏப்ரல் 19-இல் உயிர் துறந்தார். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். ஏறாவூரிலும் அதே மாதம் படுகொலை நடந்தது. 2007-இல் படுவான்கரை மக்கள் கூட்டங்கூட்டமாக வாவியைக் கடந்து முகாம்களுக்கு வந்தார்கள்.

விமர்சனங்களை நிறுத்துப் பார்த்தல்

பார்த்தசாரதி மீது வைக்கப்படும் விமர்சனங்களில் மூன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

முதலாவது, அவர் பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில் இந்தியாவின் இன்னொரு கை தமிழ் இளைஞர்களுக்கு ஆயுதப் பயிற்சி அளித்தது. இந்தக் குற்றச்சாட்டு உண்மை. கூட்டணித் தலைவர்களின் பேச்சுக்கு ஊரில் மதிப்புக் குறைந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம். அந்தக் கொள்கையை வகுத்தது டில்லி அரசு. தூதர் அந்த அரசின் தூதர் என்பதால் பொறுப்பின் ஒரு பங்கு அவரையும் சேரும். 1989-இல் அமிர்தலிங்கமும் 1999-இல் நீலன் திருச்செல்வமும் கொல்லப்பட்டதை நினைக்கும்போது, அவர் எவரோடு உட்கார்ந்து தாளை எழுதினாரோ அவர்களையே ஆயுதம் கொண்டுபோனது என்பது நெஞ்சை வருத்துகிறது.

இரண்டாவது, அவர் ஜெயவர்த்தனாவின் வார்த்தையை நம்பிக் கையொப்பம் வாங்காமல் விட்டார். இதுவும் சரியே. காஷ்மீரில் எதிர்த்தரப்பு தன் நாட்டு அரசியலுக்குள் இருந்தது. டில்லி சொன்னதை நிறைவேற்ற டில்லியால் முடிந்தது. இலங்கை வேறொரு நாடு. அங்கே ஒரு ஜனாதிபதியின் வாய்மொழிச் சம்மதம் அவர் கட்சிக்குள் செல்லுபடியாகும் என்று எடுத்துக்கொண்டது கணக்குப் பிழை.

மூன்றாவது, கிழக்கிலிருந்து பார்க்கும்போது எல்லாவற்றிலும் பெரியது. 14 பந்திகளில் கிழக்கு முஸ்லிம்களுக்கென்று ஒரு வார்த்தை இல்லை. மாகாணத்தில் மூன்றில் ஒருவர் முஸ்லிம். அம்பாறை மாவட்டத்தில் 1981-இல் அவர்களே பெரிய சமூகம், ஏறத்தாழ 41 வீதம். இன விகிதம் என்று பொதுவாகச் சொன்னதில் அவர்களும் அடங்குவார்கள் என்று வாதிடலாம். ஆனால் ஒரே வாவியில் மீன் பிடித்து, ஒரே வட்டையில் விளைவித்து, ஒரே சந்தையில் விற்கும் இரண்டு சமூகங்களில் ஒன்றோடு மட்டும் பேசி எழுதும் தீர்வு இந்த மண்ணில் வேர் பிடிக்காது. பின்னால் வந்த ஒப்பந்தமும் இந்தக் குறையைச் சரிசெய்யவில்லை. 1990-இல் நடந்தவற்றுக்கு எந்தத் தூதரும் பொறுப்பில்லை. ஆனாலும் முஸ்லிம்களை மேசைக்கு அழைக்காமல் விட்டது இரு சமூகங்களுக்கிடையிலான பிளவு ஆழமாவதற்கு இடங்கொடுத்தது.

இதற்கு மாறான ஒரு சான்று அதே காலத்தில் இந்த வட்டாரத்திலேயே இருந்தது. 1981-இல் கல்லோயா இடதுகரையில் விவசாயிகள் அமைப்புகள் தொடங்கப்பட்டன. வாய்க்காலின் தலைப்பகுதியில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைப்பகுதியில் தமிழ் விவசாயிகள். தலைப்பகுதிக்காரர் தண்ணீரை மிச்சம் பிடித்துக் கடைப்பகுதிக்கு விட்டார்கள். அமெரிக்கப் பேராசிரியர் நோர்மன் அப்ஹோஃப் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நாடு எரிந்த ஆண்டுகளிலும் அங்கே முறை வைத்துத் தண்ணீர் ஓடியது. வாய்க்கால் மட்டத்தில் மனிதர் செய்த இந்த ஏற்பாட்டை எந்தத் தூதுக் குழுவும் வந்து பார்த்துத் தன் யோசனைக்குள் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பார்த்தசாரதியின் தூது தலைவர்களோடு நின்றது. அதன் எல்லை அது.

இன்றைக்கு அந்தத் தாள்

1987 நவம்பரில் வந்த 13ஆவது திருத்தம் காணியையும் பொலிசையும் மாகாணத்துக்குரியதாக எழுதியது. பொலிஸ் அதிகாரம் இன்றுவரை கைமாறவில்லை. தேசிய காணி ஆணைக்குழு அமைக்கப்படவே இல்லை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தபின் ஆண்டுகள் பல கடந்தும் தேர்தல் நடத்தப்படவில்லை. ஆளுநர் ஆட்சியே தொடர்ந்தது. 2023 செப்டம்பரில் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரை அபகரிக்கப்படுவதை எதிர்த்து மட்டக்களப்பின் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரமாக உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டம் ஓராண்டைக் கடந்தும் தொடர்ந்தது. அவர்கள் கேட்டது பார்த்தசாரதியின் 12ஆம் பந்தியோடு ஒட்டியது: இந்த நிலத்தில் யாரைக் குடியமர்த்துவது என்பதை இங்குள்ளவர்களைக் கேளாமல் தீர்மானிக்காதீர்கள்.

பார்த்தசாரதி 1995 ஆகஸ்டில் மறைந்தார். தம் வரலாற்றைத் தாமே எழுதவில்லை. இந்தியா அவரைப் பெரும்பாலும் காஷ்மீருக்காகவும் பல்கலைக்கழகத்துக்காகவும் நினைவுகூர்கிறது. இலங்கையில் அவர் தோற்றார் என்பதே வழக்கமான முடிவு. தூது தோற்றது உண்மை. ஆனால் அவர் எழுதியது தவறானது என்று அதன்பின் நடந்த எதுவும் நிரூபிக்கவில்லை. தமிழர் பிரச்சினையில் இந்தியா கைவைத்த தாள்களுள் நிலத்தின் கேள்வியை மிகத் தெளிவாகப் பிடித்தது அவருடையது. முஸ்லிம் சமூகத்தை உள்ளே கொண்டுவராதது அதன் பெரிய குறை. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையான தீர்ப்பு.

இனியும் டில்லியிலிருந்து தூதர்கள் வருவார்கள். வீடுகளும் பாலங்களும் உதவிகளும் வரும். அவற்றை நன்றியோடு ஏற்போம். ஆனால் வருகிறவர்களிடம் எதைக் கேட்க வேண்டும் என்று நமக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். 1957, 1965, 1984, 1987 ஆகிய நான்கு ஆவணங்களின் காணி வாசகங்களையும் தமிழில், குறிப்புரையோடு, ஒரே தொகுப்பாக வெளியிடுங்கள். அதைத் தமிழ், முஸ்லிம் மாணவர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்க வழி செய்யுங்கள். மண்டூரிலும் காத்தான்குடியிலும் ஒருசேர ஏற்கப்படும் ஒரு காணி வாசகத்தை நாமே எழுதி வைத்திருந்தால், அடுத்த தூதர் வரும்போது அவர் கையில் கொடுப்பதற்கு நம்மிடம் ஒரு தாள் இருக்கும்.